மீட்டரக்கா எடுத்த பூப்படங்கள்

மின்சார அலுவலகத்தில் ரீடிங் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர்கள் அனுப்பும் எண்களும், அவற்றோடு சேர்ந்து வரும் படங்களும் என் திரையில் வந்து விழும். எண்ணும் படமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பெட்டிகள், ஒரே கறுப்பு எண்கள். அப்படித் தட்டிக்கொண்டே போன ஒரு காலையில் மீட்டருக்குப் பதிலாக ஒரு பூ வந்தது.

சங்குப்பூ. நல்ல நீலம், நடுவில் வெள்ளைக் கீற்று. இதழின் விளிம்பில் ஓர் எறும்பு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றிருந்தது. அனுப்பியவர் யார் என்று பார்த்தேன். மீட்டரக்கா. உடனே போன் போட்டேன்.

"என்னக்கா, மூணாவது லைன்ல நாப்பத்தேழாம் வீட்டு மீட்டர் பூத்திருக்கு?"

"அய்யய்யோ, அது வந்துடுச்சா? கொடி பெட்டி மேலேயே படர்ந்து கிடக்கு தம்பி. ஒதுக்கிட்டு எடுக்கலாம்னு போனேன். கை பட்டு விழுந்துடுச்சு."

"கை பட்டு விழுந்த படமா இது? எறும்போட மீசை தெரியுது."

"சரி, அழிச்சிடுங்க" என்றார். சரியான படத்தை அடுத்த நிமிடமே அனுப்பிவிட்டார். பூப்படத்தை நான் அழிக்கவில்லை. என் கணினித் திரையில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன். மாலையில் என் மேசைக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது கொஞ்சம் இடப்பக்கமா தள்ளி எடுத்திருக்கணும்" என்றார்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள். பத்தொன்பது ஆண்களுக்கு நடுவே மீட்டர் பார்க்கப் போன ஒரே பெண் அவர்தான். தெருக்களில் எல்லோருக்கும் அவர் மீட்டரக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் மறுத்ததில்லை.

அவர் பையில் ரீடிங் மெஷினும், டார்ச்சும், தண்ணீர் பாட்டிலும், நாய்களைச் சமாளிக்க இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும், உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடியும் எப்போதும் இருக்கும். மாடிப்படிக்கு அடியிலும் சுவர் மூலையிலும் ஒளிந்திருக்கும் மீட்டர்களை நேராகப் பார்க்க முடியாது. கண்ணாடியை உள்ளே நீட்டி, இடவலம் மாறித் தெரியும் எண்ணைப் படிக்க வேண்டும். அதே கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பூவின் அடியில் விழவைக்கலாம் என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார்.

கொஞ்ச நாளில் ஒரு கேமராவும் வந்து சேர்ந்தது. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு குடியிருப்பில் யாரோ பழைய கேமராவைக் கொடுக்கப் போவதாகச் சொல்ல, இவர் வாங்கி வந்துவிட்டார். "வீட்ல ஃபோட்டோ எடுக்கச் சொன்னா என்னை ஒரு தடவைகூட எடுக்க மாட்டேங்குறா. நான் பூக்கணும் போல" என்று என்னிடம் ஒருமுறை குறைபட்டுக்கொண்டார்.

மீட்டர் பார்க்கப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. எந்த வீட்டின் பின்கட்டுக்கும், எந்தச் சந்துக்கும் போகலாம். வாசலில் தெரியும் ரோஜாவையும் செம்பருத்தியையும் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். துணி துவைக்கும் கல்லின் இடுக்கில் முளைத்த தும்பையையும், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தானாக வந்த காசித்தும்பையையும் இவர் ஒருவர்தான் பார்த்தார். ரீடிங் எடுத்து முடித்ததும், "ஒரு நிமிஷம், இந்தப் பூவை எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். பெரும்பாலோர், "இதையா? இது களைதானே, தாராளமா எடுத்துக்கோங்க" என்பார்கள். வீட்டில் யாரும் கண்ணில் படாவிட்டால் கேட்காமலும் எடுப்பார். அதில் தப்பு இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை.

காற்றுதான் அவருக்கு எதிரி. எட்டரை மணிக்கு மேல் காற்று எழுந்துவிடும். துணிக்கு மாட்டும் கிளிப்பைக் காம்பில் கவ்வவிட்டு, மறுமுனையை ஒரு குச்சியில் கட்டி நிறுத்துவார். பின்னால் தெரியும் பக்கெட், விளக்குமாறு, உள்பாவாடை எல்லாம் மறைய ஒரு கறுப்புத் துணியைப் பிடிப்பார். பூ மட்டும் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் மங்கிப்போக வேண்டும். அதுதான் அவருக்கு நல்ல படம்.

இரண்டாவது லைன் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். மொட்டைமாடியில் வலைக்கூரை போட்டு, ஈரப்புகை கக்கும் இயந்திரம் வைத்து, எங்கெங்கிருந்தோ வரவழைத்த ஆர்க்கிட் செடிகளைத் தொங்கவிட்டிருந்தார். மின்சாரம் அதிகம் ஓடுகிறதே என்று காரணம் கேட்கப் போனவரைக் கையோடு மாடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று தேனீ மாதிரி, ஒன்று செருப்பு மாதிரி, ஒன்று புலித்தோல் மாதிரி. ஒவ்வொன்றின் பெயரும் மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரி நீளம். அக்கா நாற்பது படம் எடுத்தார். ஆனால் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

"ரெண்டு மாசமா அதே பூ அப்படியே நிக்குது தம்பி. வாடவே மாட்டேங்குது. அதுக்கு ஒரு அவசரம் வேண்டாமா?"

படங்களை அடுக்கி வைப்பதிலும் அவருக்கு ஒரு வழி இருந்தது. பூக்களின் பெயர் பாதிக்கு மேல் தெரியாது. அதனால் மின் இணைப்பு எண்ணைப் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வைத்தார். எந்த வீட்டில், எந்த மாதம், எந்தப் பூ என்று கேட்டால் அரை நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார்.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, ஐந்தாவது லைன் தையல்காரம்மாவிடமிருந்து அவருக்கு போன் வந்தது.

தையல்காரம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியில். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவின் கறுப்புத் துணியை ஓரம் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் நம்பர் இருந்தது.

"அக்கா, பாப்பா வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம். பின்பக்கம் சொப்பு வச்சு விளையாடிட்டு இருந்தா. பூவைப் பிச்சு சமைச்சு, அதைத் தின்னிருக்கா. வாந்தியில மஞ்சளா இதழ் வந்துச்சு."

"என்ன பூ?"

"நம்ம வீட்டுச் செடிதான் அக்கா, மணி மணியா மஞ்சளா பூக்குமே. நீங்ககூட போன மாசம் ஃபோட்டோ எடுத்தீங்களே. டாக்டரம்மா வேற மஞ்சள் பூ ஏதாவது இருக்கான்னு திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். அந்த ஃபோட்டோ இருந்தா போன்ல அனுப்பறீங்களா?"

படம் போனில் இல்லை, கேமராவின் கார்டில் இருந்தது. கேமரா தோள்பையில் இருந்தது. அக்கா அப்போது நின்றிருந்த தெருவிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. மீதி வீடுகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். பாதி தூரம் ஓடினார் என்று பிறகு சொன்னார்.

குழந்தைகள் பிரிவில் குழந்தை சோர்ந்து படுத்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தட்டில் கசங்கிய மஞ்சள் இதழ் ஒன்றை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். கசங்கிய பிறகு எல்லா மஞ்சளும் ஒன்றுதான். அக்கா கேமராவை நீட்டினார். போன மாதம், ஐந்தாவது லைன், பதினெட்டாம் எண். ஆறு படங்கள் இருந்தன. ஐந்தில் மணி போன்ற மஞ்சள் பூக்கொத்து மட்டும் பளிச்சென்று, பின்னால் கறுப்பாக. சொர்ணப்பட்டிப் பூ. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதுன்னா பெருசா பயமில்லை" என்றார். தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆறாவது படத்தை அக்கா காட்ட விரும்பவில்லை. காற்றில் கறுப்புத் துணி கையிலிருந்து நழுவிய நேரத்தில் எடுத்த படம் அது. பின்னால் சுவர், சுவருக்கு மேல் பக்கத்து வீட்டின் கிளை, எல்லாம் குப்பையாகத் தெரிந்தது. அழிக்க மறந்து கார்டில் கிடந்தது. ஆனால் டாக்டரம்மாவின் விரல் பொத்தானைத் தள்ளிவிட்டது. அவர் அந்தப் படத்தில் நின்றார். பெரிதாக்கினார்.

"இந்தக் கிளை யாரோடது?"

ஒல்லியான நீள இலைகள். நடுவில் முக்கோண வடிவில், பச்சையாக, இரண்டு காய்கள்.

"பக்கத்து வீட்டு மரம்" என்றார் தையல்காரம்மா. "ஆனா அந்தக் கிளை இப்ப இல்ல டாக்டர். ஞாயித்துக்கிழமை வெட்டிட்டாங்க."

"வெட்டினது எங்க விழுந்துச்சு?"

"எங்க பக்கம்தான்..." என்ற தையல்காரம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இது மஞ்சள் அரளி" என்றார் டாக்டரம்மா. "பூ மட்டும் தின்னாளா, காயையும் கடிச்சாளான்னு தெரியல. காய்னா இதயத்துடிப்பையே இழுத்து நிறுத்தப் பார்க்கும். வீட்டுக்கு அனுப்பற பேச்சே இல்ல, நாங்க பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழந்தையை மானிட்டர் உள்ள அறைக்கு மாற்றினார்கள். கரி கலந்த மருந்தைக் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் துடிப்பு மளமளவென்று குறைந்தது. வேண்டிய ஊசிகள் எல்லாம் தயாராகப் பக்கத்திலேயே இருந்தன. ஒரு மணி நேரம் போராடித் துடிப்பை மேலே கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது. போகும்போது ஆஸ்பத்திரிச் செருப்பு வேண்டும் என்று அடம்பிடித்து அழுததாம்.

மறு வாரம் அக்காவைப் பொறியாளர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நாங்கள் நினைத்தோம். அவர் மேசையில் ஒரு புகார்க் கடிதம் இருந்தது. எழுதியவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கான்ட்ராக்டர். மீட்டர் பார்க்க வரும் பெண் அனுமதியில்லாமல் வீடுகளைப் படம் பிடிக்கிறார், அவற்றைப் பிறருக்குக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தார்.

"குழந்தை பிழைச்சது சந்தோஷம்மா. ஆனா டியூட்டி நேரத்துல, அடுத்தவங்க வீட்டுக்குள்ள, சொந்தக் கேமரா. நான் என்ன பதில் எழுதட்டும்?"

"நடந்ததையே எழுதுங்க சார்."

"நடந்ததை எழுதினா உங்களுக்குத்தான் சிக்கல்."

"அவர் சொல்றது உண்மைதான் சார். நான் சில இடத்துல கேக்காமத்தான் எடுத்தேன்."

பொறியாளர் கெட்டவர் இல்லை. எச்சரிக்கையோடு விட்டார். வேலை நேரத்தில் கேமராவைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவின் பையில் கேமரா இல்லை. நாற்பத்தேழாம் வீட்டில் கொடி மறுபடியும் பெட்டியை மூடியபோதும் ஒழுங்காக ஒதுக்கிவிட்டு மீட்டரை மட்டும் அனுப்பினார். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா அவரைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். கையில் ஒரு தாள். அதில் பதினோரு செடிகளின் பெயர்கள். எல்லாம் வீடுகளிலும் வேலியோரங்களிலும் சாதாரணமாக இருப்பவை, எல்லாம் விஷம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும். பதறிப்போய் வருகிறவர்கள் எது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

அக்கா உற்சாகமாகத் தன்னிடம் ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்துக் காட்டினார். அரளி இருந்தது, ஊமத்தை இருந்தது, உண்ணிச்செடி இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா எனக்கு உதவாது. எல்லாத்துலயும் பூ மட்டும்தான் இருக்கு. இலை எப்படி ஒட்டியிருக்கு, காய் எவ்வளவு பெருசு, தண்டை ஒடிச்சா பால் வருதா... பின்னாடி எல்லாத்தையும் மறைச்சுட்டீங்களே."

அன்று மாலை அக்கா என்னிடம், "மூணு வருஷமா முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை ஆரம்பமானது. கறுப்புத் துணி வீட்டிலேயே கிடந்தது. பதிலுக்கு ஓர் அடிக்கோல் பையில் ஏறியது, காயின் அளவு தெரிய. இலையின் முன்பக்கம், பின்பக்கம், கணு, காய், விதை. கணவர் குடை பிடிக்கவும், கிளையை வளைக்கவும் கூட வந்தார். கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்லி, சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனார்கள். மக்கள் மறுக்கவில்லை, நாய்கள்தான் மறுத்தன. தொப்பியும் காக்கிச் சட்டையும் இல்லாமல் வந்த அக்காவை எந்த நாய்க்கும் அடையாளம் தெரியவில்லை. மூன்று வருடம் பிஸ்கட் தின்ற நாயே அவரை வாசல்வரை துரத்தியது.

மஞ்சள் அரளிக்கு அவர் வேறு எங்காவது போயிருக்கலாம். ஆனால் கான்ட்ராக்டர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினார். கான்ட்ராக்டரே வந்து திறந்தார். யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது.

"என்ன வேணும்?"

"உங்க அரளியைப் படம் எடுக்கணும் சார். ஆஸ்பத்திரிக்கு. நீங்க சரின்னா மட்டும்."

அவர் பின்பக்கம் நடந்தார். அக்காவும் கணவரும் பின்னால் போனார்கள். மரம் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு கட்டைதான் இருந்தது.

"அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வெட்டிட்டேன்" என்றார். "நான்தான் அந்தக் கிளையை அந்தப் பக்கம் விழட்டும்னு வெட்டினேன். இந்தப் பக்கம் விழுந்தா நான்ல அள்ளணும். வேற ஒண்ணும் யோசிக்கல."

கணவர்தான், "யாரும் யோசிச்சுச் செய்யறதில்ல சார்" என்றார்.

"புகார் எழுதினது... அந்தப் படத்தை ஊரே பார்க்குதேன்னு." கட்டையின் அடியில் நாலைந்து துளிர்கள் வந்திருந்தன. குனிந்து ஒரு துளிரைத் தொட்டுக் காட்டினார். "இலை மட்டும் இருந்தா போதுமா உங்களுக்கு?"

போதும் என்றார் அக்கா. ஒரு இலையைக் கிள்ளியதும் பால் வழிந்தது. அதையும் எடுத்தார். காயை வேறு தெருவில் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து செடிகள் நான்கு மாதத்தில் முடிந்தன. பதினோராவது செங்காந்தள். அது யார் தோட்டத்திலும் கிடைக்கவில்லை. நகரத்தை விட்டு வெளியே, குன்றின் சரிவில் இருக்கிறது என்று ஒரு பேருந்து நடத்துநர் சொன்னார். முதல் ஞாயிறு வழி தவறியது. இரண்டாம் ஞாயிறு மழை. மூன்றாம் ஞாயிறு, பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறிய பிறகு, முட்புதருக்குள் தீக்கொழுந்து போலப் பத்துப் பதினைந்து பூக்கள் நின்றிருந்தன. கீழே மஞ்சள், மேலே சிவப்பு, இதழ்கள் எல்லாம் பின்னோக்கி வளைந்து. இலையின் நுனி சுருண்டு புதரின் குச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா பத்து நிமிடம் கேமராவை எடுக்கவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் கல்லில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி மண்ணைத் தட்டினார்.

"இவ்ளோ அழகா இருக்கறதுக்கு இவ்ளோ விஷம் எதுக்கு?" என்றார் கணவர்.

"அது நம்மளைக் கூப்பிடலையே. நாமதான் வந்திருக்கோம்."

பிறகு தரையில் படுத்தார். பூவை எடுத்தார், சுருண்ட இலை நுனியை எடுத்தார், பச்சைக் காயை அடிக்கோலோடு எடுத்தார். கிழங்கும் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், ஏதோ காட்டுக் கிழங்கு என்று நினைத்துத் தின்றுவிடுகிறார்களாம். கணவர் இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தோண்டினார். படம் எடுத்து முடிந்ததும் கிழங்கை அதே குழியில் வைத்து மூடினார்கள். பலகையில் இன்றும் அந்தப் படத்தில் பையைச் சுற்றிய ஒரு கை தெரிகிறது. தன் முதல் ஃபோட்டோ என்று கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

பலகை அந்த வருடக் கடைசியில் ஏறியது. திறப்பு விழா எதுவும் இல்லை. ஆஸ்பத்திரித் தச்சர் நான்கு ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து அங்கே போயிருந்தேன். பலகைக்கு முன்னால் ஒருவர் ஒரு சிறு கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தோடும் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பையன் நன்றாகத்தான் நின்றிருந்தான், ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்தான். பதினொன்றில் எதுவுமில்லை என்று உறுதியான பிறகும் அவர் கிளையை நர்ஸிடம் காட்டக் கொண்டுபோனார்.

மறுநாள் அலுவலகத்தில் அக்காவிடம் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அது என்ன கிளை?" என்று கேட்டார்.

"கவனிக்கலையே அக்கா."

"இலை எதிரெதிரா இருந்துச்சா, மாத்தி மாத்தி இருந்துச்சா?"

"பச்சையா இருந்துச்சு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மெஷினை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆறாவது லைனுக்குக் கிளம்பிப் போனார்.